ஸ்காபரோவில் பழைய வீடு: கடுங்குளிருக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வன்னியூரான்:
அனைவருக்கும் வணக்கம். இதுவரை அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்த நாங்கள், இவ்வருடம் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் பழைய தனிவீடொன்றை வாங்கியிருக்கிறோம். வயதான அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். 2013 டிசம்பரில் வந்த உறைபனிப் புயலின்போது ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் தடைப்பட்டதையும், சில வீடுகளுக்கு நத்தார் கழிந்த பின்னரே அது திரும்பியதையும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஃபேர்னஸ் இயற்கை எரிவாயுவில் இயங்குவதால், மின்சாரம் போனாலும் வீடு சூடாக இருக்குமா?

மணியண்ணை:
இருக்காது, தம்பி. எரிவாயு வந்துகொண்டிருந்தாலும், சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில்தான் சுழல்கிறது. மின்சாரம் நின்றால் ஃபேர்னஸும் நின்றுவிடும். ஆகவே தண்ணீர்க் குழாய்களை முதலில் கவனியுங்கள். தோட்டக் குழாய்க்குரிய வால்வை பேஸ்மன்டில் பூட்டி, வெளியே ஹோஸைக் கழற்றி, குழாயைத் திறந்தே விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் செம்புக் குழாயும் வெடித்துவிடும். உறைந்தது உருகித் தண்ணீர் பாயும்போதுதான் அது பலருக்குத் தெரியவருகிறது. வீட்டின் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதை எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

செவ்வந்தி:
பழைய வீடுகளில் அந்தப் பிரதான வால்வு வருடக்கணக்காகத் திருப்பப்படாமல் இறுகியிருப்பதுண்டு. இப்போதே மெதுவாக மூடித் திறந்து பாருங்கள்; அசையாவிட்டால் பலவந்தப்படுத்தாமல் பிளம்பரை அழையுங்கள்.

குழாயைவிட நான் அஞ்சுவது காபன் மொனொக்சைட்டுக்கு. எரியும் அடுப்பிலிருந்து வரும், மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு என்பதால், மின்சாரம் இல்லாத இரவில் பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து குளிர்காய்பவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோகிறார்கள். ஜெனரேட்டரையும், கதவு திறந்திருந்தாலும்கூட, கராஜுக்குள் இயக்கவே கூடாது. எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகில், பற்றரியிலும் இயங்குவதாக இருக்கட்டும்.

வன்னியூரான்:
மிக்க நன்றி. பக்கச் சுவரில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை எதற்கு?

மணியண்ணை:
ஃபேர்னஸுக்குக் காற்று போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் அவைதான். பனி கொட்டும் ஒவ்வொரு முறையும், வாகனப் பாதையை வழிக்கும் முன்னரே, அவை அடைபடாதபடி சுற்றிலும் வழித்துவிடுங்கள்.

அம்மாவின் மருந்துகள், தண்ணீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு ஆகியவற்றை குறைந்தது 72 மணிநேரத்துக்குச் சேர்த்து வையுங்கள். மின்சாரம் நீண்ட நேரம் வராவிட்டால் அவரை உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். எல்லோரும் வீட்டைவிட்டுப் புறப்படுவதானால், பிரதான வால்வைப் பூட்டி, உள்ளே உள்ள குழாய்கள் அனைத்தையும் திறந்து நீரை வடித்துவிட்டே கிளம்புங்கள்.