பலகாரப் பெட்டிகளுக்குக் கூரியர் கட்டணம் நிர்ணயிப்பது எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டிலேயே செய்யும் மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் ஆகியவற்றுடன் கண்டாங்கிச் சேலைகளையும் இணையம் வழியாக விற்கத் தொடங்கியிருக்கிறோம். அனுப்பும் செலவை எப்படி வசூலிப்பது என்பதில் உங்கள் ஆலோசனை வேண்டும்.

சேலையில் பெரிய சிக்கல் இல்லை. மடித்து உறையில் இட்டால் எடைக்கேற்ற கட்டணம்தான். பலகாரம் அப்படியன்று. ஒரு கிலோ மணகோலத்தை நொறுங்காமல் அனுப்ப 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட பெட்டி தேவைப்படுகிறது. கூரியர் நிறுவனங்கள் பொதுவாக நீள, அகல, உயரங்களைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அப்படி வரும் கிலோ கணக்கு, உண்மை எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்குவதால், தராசில் ஒன்றேகால் கிலோ காட்டும் பெட்டிக்கு 2.4 கிலோவுக்கான தொகையைச் செலுத்த வேண்டியுள்ளது. மதுரைக்கு ஒரு கட்டணம், டெல்லிக்கு வேறொன்று என்பதால், எல்லோருக்கும் ஒரே தொகை வைத்தால் அருகிலுள்ளவர் தொலைவிலுள்ளவரின் செலவையும் சுமக்கிறார். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டணத்தை விலையிலேயே சேர்த்து ‘டெலிவரி இலவசம்’ என்று போடுவதா, தமிழ்நாட்டுக்கும் வெளிமாநிலங்களுக்கும் தனித்தனியே வைப்பதா? இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகையை எந்தக் கணக்கில் முடிவு செய்கிறீர்கள்? பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் பெட்டி திரும்பி வந்தால் இருவழிச் செலவும் நம் தலையில்தான் (திரும்பிய சீடையை மறுபடி விற்கவும் முடியாது) என்பதால், பலகாரத்துக்கு மட்டும் அம்முறையை நிறுத்தியவர்கள் இருந்தால், விற்பனை எந்த அளவு குறைந்தது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.