பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் அறக்கட்டளையில் தொண்டு: செய்பவருக்கு என்ன பயன்?

கேள்வி: லால்குடி வாசி

வணக்கம். கூட்டுறவு வங்கியொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றிக் கடந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே. காலை நடை, செய்தித்தாள், ரேஷன் கடை, மதிய உறக்கம் என்று பகற்பொழுது ஒருவாறு கழிந்துவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் நான் வீட்டிலேயே இருப்பது எங்கள் இருவருக்குமே சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் சிறிய அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே சென்று பார்ப்பது, பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் படிப்பில் உதவுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது ஆகியவை அதன் பணிகள். தன்னார்வலர்கள் தேவை என்று அறிவித்திருக்கிறார்கள். என் கேள்வி கொஞ்சம் தன்னலமானதுதான்: இத்தகைய தொண்டால் செய்பவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? புண்ணியம் என்ற விடையை நான் மறுக்கவில்லை. அது தவிர வேறு என்ன என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும். என் மைத்துனரோ, சும்மா வருகிறவரை எடுபிடி ஆக்கிவிடுவார்கள் என்று எச்சரிக்கிறார். எனக்கு மூட்டுவலி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: பொன்னி

ஐயா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் வீடு தேடிச் செல்லும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக் குழுவொன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். இப்படி வீடு தேடிச் செல்லும் வழக்கம் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்து நமக்கு வந்தது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய பணி, 2001 வாக்கில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் இயக்கமாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இப்போது செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். அப்படியிருக்க நாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அருகில் உட்கார்ந்திருப்பதற்கு அவருக்கு நேரம் கிடையாது. நாம் செய்வது பெரும்பாலும் அந்த உட்கார்ந்திருக்கும் வேலையைத்தான்.

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒரு விவசாயியின் வீட்டுக்கு நான் தொடர்ந்து போய்வருகிறேன். நான் போய்க் கட்டிலருகே அமர்ந்ததும் அவர் மனைவி முதலில் செய்வது, சீயக்காயை எடுத்துக்கொண்டு தலைக்குக் குளிக்கப் போவதுதான். கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் நிம்மதியாகக் குளிக்க அவருக்கு வாரத்தில் வேறு வேளை வாய்ப்பதில்லை. அதற்குள் நான் பெரியவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். அரசியலெல்லாம் அவருக்கு வேண்டாம், மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல காலம் ஆகியும் அந்தக் கணக்கை அவர் விடவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானது கைப்பழக்கம். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவந்தாலே உடனே கவனிக்க வேண்டும், நீரைக் குடிக்கத் தரும்போது தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பவற்றையெல்லாம் பயிற்சியில் கற்றுக்கொண்டேன். பின்னர் என் தாயார் படுக்கையில் விழுந்தபோது, படுக்கைப்புண் வராமல் கடைசிவரை பார்த்துக்கொள்ள அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. அத்துடன், சாவு வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று தெரியாமல் முன்பெல்லாம் தவித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது பேசாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. மூட்டுவலி இதற்கு ஒரு தடையே இல்லை, ஆளைத் தூக்கும் வேலையை மட்டும் ஏற்காதீர்கள்.

பதில் 2: வாசிப்பவன்

பார்வையற்ற மாணவர்களுக்கு உதவுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலரும் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதையே முதலில் நினைப்பார்கள். ஆனால் பல தேர்வுகளில் எழுதித் தருபவரின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், பட்டம் பெற்று ஓய்வு பெற்ற உங்களைப் போன்றவர்களை அனுமதிக்காமல் போகலாம். ஆகவே தேர்வு நடத்தும் நிறுவனத்தின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பொருத்தமானது பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தருவது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக நூல்களை இவ்வாறு மாற்றித் தருவதற்கு இடமளிக்கிறது.

கணினியே இப்போது வாசித்துவிடுகிறதே என்பார்கள். வணிகவியல் பாடத்தில் இருப்புநிலைக் குறிப்பு ஒன்றைக் கணினி வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தொகை சொத்துப் பக்கத்தில் இருக்கிறது, எது பொறுப்புப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒன்றும் விளங்காது. கணக்குத் தெரிந்த ஒருவர் அதே பக்கத்தை வாய்மொழியாக விளக்கிப் பதிவு செய்தால் மாணவருக்குப் பாடம் புரியும், செய்பவருக்கும் தன் முப்பது ஆண்டு அனுபவம் வீணாகவில்லை என்பது தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களை அரிப்பது பெரும்பாலும் அனுபவம் வீணாகிறதே என்ற குறைதான் என்பது என் எண்ணம். தொண்டு செய்கிற முதியவர்கள் உடல்நலத்தோடு இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதாக அடிக்கடி எழுதுகிறார்கள். உடல்நலம் உள்ளவர்கள்தாம் தொண்டுக்கே வருகிறார்கள் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் நான் அந்த வாதத்தை முன்வைக்க மாட்டேன்.

பதில் 3: பொருளாளர்

நான் வேறொரு மாவட்டத்தில் சிறு அறக்கட்டளை ஒன்றின் பொருளாளர். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது கணக்குப் பிரிவு என்ற சொல்தான்! சிறு அமைப்புகளில் அன்னதானம் பரிமாற இருபது பேர் வருவார்கள். ரசீதுப் புத்தகத்தை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. நன்கொடையாளர்களின் பெயர், பான் எண், தொகை ஆகிய விவரங்களை ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்கு 80ஜி என்று வழங்கும் வருமான வரிச் சலுகைக்கான சான்றிதழைத் தர முடியும்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்த நன்கொடைக்கு அந்தச் சலுகையே கிடையாது. இவை தெரியாமல் ரசீது எழுதிவிட்டு, பிறகு நன்கொடையாளரிடம் பேச்சு வாங்கும் அமைப்புகள் ஏராளம். எழுதுவதெல்லாம் எழுதி, தணிக்கையாளரிடம் கொடுக்கும் வகையில் ஒருவர் ஒழுங்குபடுத்தித் தந்தால், அந்த அமைப்பு அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கும்.

உங்களுக்கு என்ன பயன் என்றால், ஊரை உள்ளிருந்து பார்க்கலாம். யார் வெளியில் சொல்லாமல் மாதந்தோறும் அரிசி மூட்டை அனுப்புகிறார், யார் மேடையில் அறிவித்த தொகையை இன்னும் தரவில்லை என்பதெல்லாம் கணக்கு எழுதுபவருக்கு மட்டுமே தெரியும்.

பதில் 4: மறுபக்கம்

எல்லோரும் நல்லதையே சொல்வதால் நான் மற்றதைச் சொல்கிறேன். உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நான் முன்பு சென்ற ஓர் அமைப்பில், போர்வை வாங்க வந்த பாட்டியை நிழற்படத்துக்காக மூன்று முறை எழுந்து நின்று வாங்கச் சொன்னார்கள், அன்றோடு நின்றுவிட்டேன். சேர்வதற்கு முன் அவர்கள் நடத்தும் ஒரு நிகழ்வுக்குச் சும்மா போய், உதவி பெறுபவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். மாலை வகுப்பில் பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலரைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடம் என்றால், அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று கொள்ளுங்கள். என்ன வேலை, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்பதை முதலிலேயே பேசிவிட்டால் எடுபிடி ஆகிவிடுவோமோ என்ற அச்சம் பெரும்பாலும் எழாது.

கேள்வி கேட்டவர்: லால்குடி வாசி

அனைவருக்கும் நன்றி. பொன்னி அம்மா சொன்னதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவரும் வீடுகளுக்கு வருவதாகச் சொல்கிறார். வியாழக்கிழமைகளில் அந்தப் பணியும், மாதக் கடைசியில் கணக்கும் என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பொருளாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: கணக்கெழுத ஒப்புக்கொண்டால் ரொக்கத்தையும் என்னிடமே கொடுத்துவிடுவார்களோ?

பதில்: பொருளாளர்

பெரும்பாலும் கொடுக்கத்தான் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். ரொக்கத்தைக் கையாள்பவர் ஒருவர், கணக்கை எழுதுபவர் வேறொருவர் என்பதை முதல் நாளே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் இருந்த உங்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.