மஞ்சக்குப்பம் நம்ம தெரு: வாட்ஸ்அப் குழு

[காலை 6:12] கவிதா: டாக்டர் சார், செல்வி அக்கா, யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? மாமாவுக்கு ராத்திரியிலேர்ந்து மேல்வயித்துல பயங்கர வலி. கேஸ்னு நெனச்சி ஜெலுசில் குடுத்தேன். கேக்கல. வாந்தியும் நிக்கல.

[6:14] செல்வி அக்கா நர்ஸ்: நெஞ்சுக்குழிக்குக் கீழ நடுவுலயா வலி? முதுகுக்குப் போவுதா?

[6:15] கவிதா: ஆமாக்கா. மல்லாந்து படுக்கவே முடியல. முன்னால குனிஞ்சி உக்காந்தாதான் கொஞ்சம் தேவலைங்கறார்.

[6:17] டாக்டர் சார்: உடனே ஜி.எச்.சுக்குக் கெளம்பும்மா, 108 கூப்பிடு. வாந்தி எடுத்தும் வலி தணியல, முதுகுக்குப் பாயுது, குனிஞ்சா கொறையுதுன்னா கணைய அழற்சியா இருக்கலாம், அதாவது இரைப்பைக்குப் பின்னால இருக்குற கணையம் புண்ணாகி வீங்குறது. மாரடைப்பும் சில பேருக்கு மேல்வயித்து வலியாத்தான் வரும், அதனால முதல்ல ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லு.

[6:18] செல்வி அக்கா நர்ஸ்: டாக்டர் பாக்குற வரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்காத. அவர் போடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துக்க. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனார்னு கேட்டு வச்சிக்க, அங்க கேப்பாங்க.

[6:25] லேப் குமார்: ரத்த டெஸ்ட்ல அமைலேஸ் மட்டும் எழுதிக் குடுத்தா லிப்பேஸும் சேத்துக் கேளுங்க, ரெண்டும் கணையம் சுரக்குற செரிமான நொதி. அமைலேஸ் 3, 4 நாள்ல எறங்கிடும். கொழுப்பு ரொம்ப ஏறின ரத்தத்துல நார்மல்னு கூட காட்டும். லிப்பேஸ் ஒரு வாரத்துக்கு மேல ஏறியே இருக்கும்.

[10:48] கவிதா: ஈ.சி.ஜி. நார்மல். லிப்பேஸ் 1240, நார்மல் 60 வரைக்கும்னு போட்டிருக்கு. கல்லீரல் டெஸ்ட் ஏ.எல்.டி. 212. ஸ்கேன்ல பித்தப்பையில கல்லு, கணையம் கேஸ் மறைச்சி தெரியலன்னு எழுதியிருக்காங்க. 1240ன்னா ரொம்ப மோசமா சார்?

[10:55] டாக்டர் சார்: மேல் அளவுக்கு 3 மடங்கு தாண்டினாலே போதும், இந்த மாதிரி வலியோட சேந்தா நோய் உறுதி. ஆனா அந்த எண்ண வச்சி தீவிரத்த சொல்ல முடியாது. 300 இருக்குறவர் ஐ.சி.யூ.வுல இருப்பார், 2000 இருக்குறவர் அஞ்சாறு நாள்ல வீட்டுக்குப் போவார். மூச்சு, சிறுநீர், அப்புறம் கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற யூரியா, கிரியாட்டினின், இதத்தான் பாக்கணும்.

[10:58] எதிர்வீட்டு ரவி: அவர் சொட்டு கூட குடிக்க மாட்டாரே சார், அவருக்கு எப்படி?

[11:02] டாக்டர் சார்: குடி ஒரு காரணம்தான். பித்தக்கல் அதே அளவு பெரிய காரணம். கல்லு நழுவி, கணையமும் பித்தமும் சேந்து குடலுக்குள்ள தொறக்குற வாயில சிக்குனா நொதி வெளிய போக வழியில்லாம கணையத்தையே அரிக்கும். ஏ.எல்.டி. 150க்கு மேல ஏறுனது கல்லத்தான் காட்டுது. ரத்தக் கொழுப்புல டிரைகிளிசரைட் 1000 தாண்டுனாலும் வரும், சில மருந்தாலும் வரும்.

[11:05] சென்னை பிரபு: சி.டி. ஏன் இன்னும் எடுக்கல? ஆன்டிபயாட்டிக்கும் போடலயாம்!

[11:11] டாக்டர் சார்: சரியாத்தான் செய்றாங்க பிரபு. நோய் உறுதியானப்புறம் முதல் நாள்லயே சி.டி. எடுத்தா திசு எவ்ளோ செத்திருக்குன்னு தெரியாது, 3 நாள் கழிச்சித்தான் தெளிவாகும். நிலைமை மோசமானா, இல்ல நோயிலயே சந்தேகம் வந்தா அப்ப எடுப்பாங்க. கிருமி தொத்துனாதான் ஆன்டிபயாட்டிக். முன்கூட்டியே போட்டா பலன் இல்ல. இப்ப முக்கியம் டிரிப்பும் வலி மருந்தும். வலிய பொறுத்துக்கச் சொல்லாதீங்க.

[11:14] செல்வி அக்கா நர்ஸ்: டிரிப்புல ரிங்கர் லாக்டேட்ங்கற உப்புநீர்தான் போவுதா கவி? மாமா 60 கிலோன்னா மணிக்கு 90 மி.லி. போல போகும். நீர்ச்சத்து கொறஞ்சிருந்தா முதல்ல 600 மி.லி. ஏத்துவாங்க. வேகமா ஓட்டச் சொல்லி நர்ஸ்கிட்ட சண்டை போடாதீங்க. 2022ல வந்த ஆய்வுல, வேகமா ஏத்துனவங்கள்ல 20.5 சதவீதம் பேருக்கு உடம்புல நீர் அதிகமாகிடுச்சி, அளவா ஏத்துனவங்கள்ல 6.3 சதவீதம்தான். சிறுநீர அளந்து வை, மணிக்கு 30 மி.லி.க்குக் கொறையக்கூடாது.

[மாலை 5:30] கவிதா: வாந்தி நின்னுடுச்சி, பசிக்குதுங்கறார். லிப்பேஸ் எறங்குற வரைக்கும் பட்டினி போடணும்னு அத்தை சொல்றாங்க.

[5:36] டாக்டர் சார்: வேணாம். வாந்தி நின்னு பசிச்சா வார்டு டாக்டர்ட்ட கேட்டுட்டு 24 மணி நேரத்துக்குள்ளயே சாப்பாடு ஆரம்பிக்கலாம். பட்டினி கெடந்தா குடல் சுவர் பலவீனமாகி அதுலேர்ந்து கிருமி கசியும். லிப்பேஸ திரும்பத் திரும்பப் பாக்கவும் வேணாம்.

[5:38] செல்வி அக்கா நர்ஸ்: இட்லி, ரசம் சாதம், கொழுப்பெடுத்த மோர். தேங்கா சட்னி, வடை, எறால் வறுவல் இப்பத்திக்கு வேணாம்.

[5:44] டாக்டர் சார்: கண்ணு மஞ்சளாகி, குளிரோட காய்ச்சல் வந்தா பித்தக்குழாய் அடைச்சி சீழ் பிடிக்குதுன்னு அர்த்தம். அப்ப காத்திருக்காம ஈ.ஆர்.சி.பி. செய்யணும், அதாவது வாய் வழியா குழாய் விட்டு அந்த அடைப்ப எடுக்குறது, பாண்டி ஜிப்மருக்கு அனுப்பச் சொல்லிக் கேளும்மா. அந்த மாதிரி எதுவும் இல்லாம லேசாவே தேறிட்டார்னா, டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பித்தப்பைய எடுத்துட முடியுமான்னு சர்ஜன்ட்ட கேளு. வலி போச்சின்னு வீட்டுக்கு வந்து மாசக்கணக்கா தள்ளிப்போட்டுத்தான் நெறைய பேருக்கு இதே வலி திரும்ப வருது.

[5:47] கவிதா: பித்தப்பை இல்லாம சாப்பாடு செரிக்குமா சார்?

[5:49] டாக்டர் சார்: செரிக்கும்மா. பித்தம் சுரக்குறது கல்லீரல், பை அத சேத்து வைக்குற எடம்தான். சில பேருக்குக் கொஞ்ச நாள் வயிறு எளகலாப் போவும், அப்புறம் சரியாகிடும். ராத்திரி மூச்சு வாங்குனா, பேச்சு கொழறுனா, சிறுநீர் கொறஞ்சா மட்டும் காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, டியூட்டி டாக்டர எழுப்புங்க.