அந்த ஒரு ‘லாம்’: உக்ரைன், பிப்ரவரி 2022

உக்ரைனின் கார்கிவ் நகரில் அப்போது நான்காம் ஆண்டு மாணவன்

பிப்ரவரி 15 அன்று கீவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் முதல் அறிவுறுத்தல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது நான் குக்கரில் சாதம் வைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் சொன்னால், “தங்கியிருப்பது அவசியமில்லாத மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம்.” அந்த ‘லாம்’ இருக்கிறதே, அதுதான் எங்களைக் கவிழ்த்தது. வகுப்பு நடக்கிறது, அப்படியானால் நாம் இருப்பது அவசியம்தானே என்று ஆளாளுக்கு வக்கீல் மாதிரி வாதாடினோம். நாட்டில் எங்கே இருக்கிறீர்கள் என்று தூதரகத்துக்குத் தெரியப்படுத்துங்கள் என்றும் அதில் இருந்தது. எங்கள் அறையில் ஒருவரும் செய்யவில்லை.

20-ஆம் தேதி ‘லாம்’ போய்விட்டது. எல்லா மாணவர்களும் வெளியேறும்படி அறிவுறுத்தினார்கள். 22-ஆம் தேதி, ஆன்லைன் வகுப்பு பற்றிக் கல்லூரி உறுதி சொல்லும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றே எழுதிவிட்டார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு தூதரகம் எப்படி எழுதும்? எங்களுக்கோ வருகைப் பதிவுதான் பெரிதாகத் தெரிந்தது. ஆன்லைனில் படித்தால் ஊரில் ஏற்பார்களா என்ற பயம் வேறு. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று 26-க்கு டிக்கெட் போட்டேன். 24 விடியற்காலையில் ஜன்னல் அதிர்ந்தது. ரஷ்யா தாக்கத் தொடங்கிவிட்டது. வான்வெளியை மூடிவிட்டார்கள்.

மெட்ரோ நிலையத்தில் கிடந்த நாட்களைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், விடுகிறேன். மார்ச் 2 மதியம் வந்த அறிவிப்பில் ‘உடனடியாக’ என்ற சொல் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. மாலை 6 மணிக்குள் கார்கிவை விட்டு, வெளியே உள்ள பெசோசின், பாபாய், பெஸ்லுடோவ்கா என்ற மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி கிடைக்காதவர்கள் நடக்க வேண்டும். பெசோசின் 11 கிலோமீட்டர், பாபாய் 12, பெஸ்லுடோவ்கா 16. போனில் 14 சதவீதம் சார்ஜ். பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பாலித்தீன் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். புத்தகங்களை ஒரு சுவர் ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு நடந்தோம். திரும்பி வந்து எடுப்பது போல ஏன் அடுக்கினேன் என்று இன்றுவரை புரியவில்லை. அறை நண்பன் மட்டும் குக்கரை விடமாட்டேன் என்று தூக்கிக்கொண்டே வந்தான்.

கார்கிவில் படித்த பெண்ணின் அப்பா

தம்பி, நீங்கள் சொல்லும் அந்த 6 மணி எங்களுக்கு இரவு ஒன்பதரை. என் மகள் ரயில் நிலையத்தில் இருந்தாள். எட்டு மணிக்கு, “அப்பா, நடக்கச் சொல்கிறார்கள், போனை அணைக்கிறேன்” என்றாள். அப்புறம் பதினொன்றே காலுக்குத்தான் பேசினாள். நடுவில் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அவள் 16-ஆம் தேதியே வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். ரஷ்யா படைகளில் ஒரு பகுதியைத் திரும்ப அழைப்பதாக அதற்கு முந்தின நாள்தான் அறிவித்திருந்தது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு, பார், தணிந்துவிட்டது, டிக்கெட் காசை வீணாக்காதே என்றேன். அறிவுறுத்தலை வரிவரியாகப் படித்தது அவள். செய்தியை நம்பியது நான்.

22-ஆம் தேதி கிளம்பியவள்

நான் ஏர் இந்தியாவின் முதல் சிறப்பு விமானத்தில் வந்தேன். புத்திசாலித்தனம் எல்லாம் இல்லை, அக்கா கல்யாணம். விடுதியில், “பயந்தாங்கொள்ளி, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா” என்று கிண்டலடித்துத்தான் அனுப்பினார்கள். 24-ஆம் தேதி வர வேண்டிய விமானம் பாதி வழியில் டெல்லிக்கே திரும்பிவிட்டது. கிண்டலடித்தவர்கள் பத்து நாள் கழித்து ருமேனியா வழியாக வந்தார்கள். அவர்களோடு பழையபடி பேச எனக்கு ரொம்ப நாள் ஆனது.

சுமி நகரில் படித்தவர்

எல்லோரும் ‘சொன்னபோதே கேட்டிருக்கலாம்’ என்கிறீர்கள். சண்டை தொடங்கிய பிறகு எங்களுக்கு வந்ததெல்லாம் ‘இருக்கும் இடத்திலேயே இருங்கள்’ என்பதுதான். கேட்டோம். குழாயில் தண்ணீர் நின்றபோது பக்கெட்டில் பனியை அள்ளி வந்து உருக்கினோம். ஒரு பக்கெட் பனி உருகினால் கால் பக்கெட்கூடத் தேறாது, அடியில் கறுப்பாக வண்டல் வேறு. மார்ச் 5 அன்று பொறுமை இழந்து, நடந்தே எல்லைக்குப் போகிறோம் என்று வீடியோ போட்டோம். வெளியே வராதீர்கள் என்று திரும்பவும் சொன்னார்கள். கோபம் கோபமாக வந்தது. ஆனால் பாதுகாப்பான வழி என்று ஒன்று அன்று இல்லவே இல்லை. 8-ஆம் தேதிதான் பேருந்தில் போல்டாவா நகருக்குக் கூட்டிப்போனார்கள். கிட்டத்தட்ட 700 பேர். உள்ளே இருங்கள் என்று எழுதியவருக்கும் அன்று தூக்கம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவரைத் திட்டாத திட்டில்லை.

மீண்டும் கார்கிவ்

சார், உங்கள் மகள் பெசோசின் பள்ளிக்கட்டடத்தில் இருந்தாரா? அப்படியென்றால் எங்கள் குக்கர் வெந்நீர் குடித்திருப்பார், கேட்டுப் பாருங்கள். கைப்பிடி ஒரு பக்கம் உடைந்த குக்கர்.