தண்டவாளத்தை எதை வைத்து வெட்டுவது? (குடும்பக் குழு)

தம்பி: பெரியப்பா, ஒரு சந்தேகம். என் மாடல் ரயிலின் ஹெச்ஓ அளவு லேஅவுட்டில் தண்டவாளம் முழுவதும் ஒட்டி முடித்துவிட்டேன். கோடியில் ஒரு திரும்பு வளையம், வண்டி சுற்றி வந்த தடத்திலேயே திரும்பிப் போக. பவர் போட்ட உடனே ஷார்ட் ஆகிறது. வெட்டி இடைவெளி விட வேண்டும் என்பது புரிகிறது. கையில் நிப்பர் (தண்டவாளம் நறுக்கும் குறடு) இருக்கிறது, அதை வைத்தே நறுக்கிவிடலாமா?

பெரியப்பா: வேண்டாம்பா. ஒட்டுவதற்கு முன்னால் நீளம் வெட்டுவதற்குத்தான் நிப்பர். ஒரு முனையை நேராக வெட்டும், எதிர் முனையை நசுக்கிவிடும். மேசையில் வைத்து வெட்டினால் அரம் போட்டுச் சரி செய்துகொள்ளலாம். ஒட்டிய இடத்தில் அரம் நுழையாது. அழுத்துகிற அழுத்தில் தண்டவாளம் அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டையை விட்டுப் பெயர்ந்தும் வரும்.

நான்: தண்டவாளத்தை வெட்டினால் வண்டி தடம் புரளாதா?

பெரியப்பா: புரளாதும்மா. இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வெட்டிய முனைகள் அசையாமல் இருந்தால் சக்கரம் பாட்டுக்குப் போகும். வளையத்தைச் சுற்றி வரும்போது வலது தண்டவாளம் போய் இடது தண்டவாளத்தோடு சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் ஷார்ட். வளையத்தின் இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் வெட்ட வேண்டும். ஆக 4 வெட்டு. நடுவில் தனியாகிற பகுதி உன்னுடைய மிக நீளமான வண்டியை விட நீளமாக இருக்கட்டும்.

அண்ணன்: என் ஓட்டு மெல்லிய ரம்பத்துக்கு. ரேஸர் ரம்பம் வெட்டினால் இடைவெளி 0.3 மி.மீ. பக்கம்தான் வரும், கண்ணுக்கே தெரியாது. ரோட்டரி டூலில் (கையில் பிடிக்கும் சுழல் மெஷின்) மாட்டும் மெல்லிய வெட்டுத் தட்டுகூட சுமார் 0.6 மி.மீ.

பெரியப்பா: வெட்டு அழகாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரம்பம் முன்னும் பின்னும் போய்வர இடம் வேண்டுமே? பக்கத்தில் மலையோ பிளாட்பாரமோ இருந்தால் கைப்பிடி இடிக்கும். தம்பி, வெட்ட வேண்டிய இடங்கள் எப்படி இருக்கின்றன?

தம்பி: ஒரு முனை மேசை விளிம்பில், நல்ல இடம் இருக்கிறது. இன்னொரு முனை சுரங்க வாயிலை ஒட்டி.

பெரியப்பா: அப்படியென்றால் விளிம்பில் ரம்பம், சுரங்கத்தருகே ரோட்டரி டூல். ரம்பத்தை உன் பக்கம் இழுக்கும்போது மட்டும் வெட்டு. தள்ளும்போது அழுத்தினால் தண்டவாளம் கட்டையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். வெட்டுகிற இடத்துக்கு இரு பக்கமும் மரத்துண்டு வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்.

அண்ணன்: ரோட்டரி டூலில் வெட்டு சாய்ந்து போகுமே பெரியப்பா. அதன் உடம்பு தட்டை விடப் பருமன், தண்டவாளத்தில் வந்து இடிக்கிறது.

பெரியப்பா: அதற்கு டூலில் வளையும் தண்டு (ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்) மாட்டிக்கொள்ள வேண்டும். முனை மெலிதாக இருப்பதால் தட்டு கிட்டத்தட்ட நேராக இறங்கும். தட்டும் புதிதாக இருக்கட்டும். தேயத் தேய விட்டம் குறைந்து சாய்வு கூடும். மெல்லிய தட்டு கொஞ்சம் திருகினாலே சிதறும், அதனால் மேலிருந்து நேராக இறக்கு, கை ஆடக் கூடாது. ஒரே மூச்சில் வெட்டாதே, தண்டவாளத்தின் நிக்கல் சில்வர் உலோகம் சூடேறினால் பிளாஸ்டிக் கட்டை உருகிவிடும். தொட்டுத் தொட்டு எடு.

நான்: தம்பி, கண்ணாடி போடாமல் அதைத் தொடாதே.

தம்பி: கட்டாயம் போடுகிறேன் அக்கா. பெரியப்பா, சுரங்கத்தருகே தண்டவாளம் லேசாக வளைகிறது. பரவாயில்லையா?

பெரியப்பா: அது கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். வளைத்து ஒட்டிய தண்டவாளம் நிமிரப் பார்க்கும். வெட்டியதும் முனைகள் வெளியே துள்ளி கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள அகலம், கெட்டுவிடும், 16.5 மி.மீ. தவறினால் அங்கேதான் தடம் புரளும். ஓரடி தள்ளி நேரான இடம் கிடைத்தால் அங்கே மாற்றிவிடு. கிடைக்காவிட்டால், வெட்டுவதற்கு முன்பே வெட்டு விழப்போகிற இடத்துக்கு இரு பக்கமும் செம்புப் பூச்சுப் போட்ட சர்க்யூட் போர்டுக் கட்டை வைத்து சால்டர் செய்துவிடு. அந்தக் கட்டையின் செம்பை நடுவில் கீறிவிட மறக்காதே, இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் அதன் வழியாகவே சேர்ந்துவிடும்.

தம்பி: இடைவெளியை அப்படியே விட்டுவிடலாமா?

அண்ணன்: விடாதே. மரப்பலகை ஈரம் காய்ந்து சுருங்கும்போது முனைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பல மாதம் கழித்துத் திடீரென்று ஷார்ட் வரும், காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும். மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டைச் செருகி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடு. காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடு. உள்பக்க விளிம்பை முக்கியமாகப் பார், அங்கேதான் சக்கரத்தின் விளிம்பு உரசும்.

தம்பி: அப்புறம் வெட்டின் இரு பக்கமும் வைத்துப் பார்க்கும்போது மல்டிமீட்டரில் பீப் சத்தம் வராவிட்டால் சரிதானே?

பெரியப்பா: சரிதான், ஆனால் அளப்பதற்கு முன் நடுவில் தனியான பகுதிக்குப் போகும் ஆட்டோ ரிவர்சர் மாட்யூலின் (அந்தப் பகுதியின் மின் துருவத்தைத் தானாக மாற்றும் கருவி) வயர்களைக் கழற்றிவிடு. மாட்டியிருந்தால் வெட்டு சுத்தமாக இருந்தாலும் மாட்யூல் வழியாகவே பீப் அடிக்கும். இஞ்சின், விளக்கு வைத்த பெட்டி எல்லாவற்றையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடு.

தம்பி: சரி பெரியப்பா. முதலில் விளிம்புப் பக்கம் இரண்டையும் ரம்பத்தில் வெட்டிப் படம் அனுப்புகிறேன். அண்ணா, உன் வளையும் தண்டைக் கொஞ்சம் கொடு.

அண்ணன்: நாளைக்கு வந்து எடுத்துக்கொள். புதுத் தட்டும் சேர்த்து வைக்கிறேன்.