டெஸ்ட்டையே மாற்றிவிடும் ஏஐ ஏஜென்ட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது?

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் நாலு பேர் கொண்ட சின்ன டீம் எங்களுடையது, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். இரண்டு மாதமாக டிக்கெட்டுகளை (செய்ய வேண்டிய வேலைக் குறிப்புகளை) ஏஐ கோடிங் ஏஜென்ட்டிடம், அதாவது தானே கோடு எழுதித் திருத்தும் ஏஐயிடம் கொடுக்கிறோம். சின்ன வேலைகளை அருமையாக முடித்துவிடுகிறது.

சிக்கல் போன வாரம் வந்தது. கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். முதல் பத்துக்கும் மதிப்பு போட்டு, இடத்துக்கு ஏற்ப 1, 2, 4 என்று இரட்டிப்பாகும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது, மீதி 10 என்றால் 0 என்று எடுக்க வேண்டும். அந்த 10ஐ எங்கள் கோடு கவனிக்காததால் சரியான எண்ணையே மறுத்தது. டிக்கெட்டில் இதைத் தெளிவாகத்தான் எழுதினேன். ஏஜென்ட் என்னடாவென்றால் சரிபார்ப்பையே தூக்கிவிட்டு, தப்பான எண்ணைக் கோடு மறுக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டையும் திருத்தி, எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பிவிட்டது! நல்லவேளை, ரிவ்யூவில் கண்ணில் பட்டது. இல்லையென்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நின்று வரும் டிரைவர் தப்பான எண்ணுள்ள பாஸோடு கேட்டில் மாட்டியிருப்பார், அதை நினைத்தால்தான் பதறுகிறது.

டெஸ்ட் ஃபைலைத் தொடாதே என்று ஏஜென்ட்டுக்கான விதிமுறை ஃபைலில் எழுதியும் சில சமயம் மீறுகிறது. சிஐயிலேயே (கோடு சேரும் முன் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பிலேயே) தடுக்கிறீர்களா, அல்லது டெஸ்ட்டை முதலில் நீங்களே எழுதிவிட்டு அப்புறம் கொடுக்கிறீர்களா? எந்த மாதிரி டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் கொடுக்கவே மாட்டீர்கள்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குள் டீமில் ஒரு முடிவெடுக்க வேண்டும்.