ஆர்பிஜி என்ற ஒரே பெயரில் இத்தனை வகையா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கார்முகில்:

வணக்கம் நண்பர்களே. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் ஆர்பிஜி (ஒரு பாத்திரமேற்று ஆடும் கேம்) என்று தேடினால் டயாப்லோ, பெர்சோனா, எல்டன் ரிங் எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. ஆனால் ஆடும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எதை வைத்து வகை பிரிக்கிறார்கள்? கூடவே இரண்டு சந்தேகம். பால்டர்ஸ் கேட் 3-இல் 55 சதவீதம் என்று காட்டிவிட்டு அடி தவறிக்கொண்டே இருப்பது ஏன்? எல்டன் ரிங்கில் கனமான கவசம் கிடைத்தும் முன்னைவிட வேகமாகச் சாகிறேன், அது ஏன்? வீட்டில் பிஎஸ்5 இருக்கிறது. விடுதியில் கையிலிருப்பது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி லேப்டாப், நேரமும் இரவில் ஒரு மணிதான். அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பகடையாடி:

வகைப் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: அடி விழுந்ததா இல்லையா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? பகடையா, உங்கள் விரலா, முன்பே சேர்த்து வைத்த சாமான்களா? பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

சிஆர்பிஜியில், அதாவது கணினி ஆர்பிஜியில், பகடை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் மரபு அது. 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் சண்டை தானாக ஓடும், ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி ஆறு பேருக்கும் கட்டளை கொடுப்பீர்கள். 2023-இன் மூன்றாம் பாகத்தில் நால்வர் குழு, முறை வைத்து ஆடுவது. இரண்டிலும் அடியைத் தீர்மானிப்பது இருபது முகப் பகடைதான்.

உங்கள் 55 சதவீதத்துக்கு வருவோம். எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட நீங்கள் எட்ட வேண்டிய எண்) 15, உங்கள் தாக்குதல் போனஸ் (பகடையோடு கூடும் எண்) 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு முகம், அதுதான் 55. அதாவது ஏறக்குறைய பாதி அடி தவறத்தான் செய்யும், அதில் கோளாறு எதுவும் இல்லை. அந்த எண்ணோடு அப்படியே அடிப்பதுதான் தவறு. உயரமான இடத்தில் நின்று எய்தால் 2 கூடும், 65 ஆகிவிடும். ஒளிந்திருந்து தாக்கினால் அட்வான்டேஜ் கிடைக்கும். பகடை இரண்டு முறை உருளும், பெரியது எடுபடும், 55 என்பது கிட்டத்தட்ட 80 ஆகும். புதிதாக ஆடுபவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வதுண்டு: எதிரி பக்கத்திலேயே நிற்கும்போது வில்லாளியை எய்ய விடுவார்கள். அது டிஸ்அட்வான்டேஜ். சின்ன எண்தான் எடுபடும், 55 என்பது 30-க்கு இறங்கிவிடும். முதல் லெவலிலேயே கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்திடம் பிளெஸ் மந்திரம் இருக்கிறது. மூன்று பேருக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் ஒரு நான்குமுகப் பகடை கூடுதலாக விழும். கடினமான சண்டைக்கு முன் அதைப் போடாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

இன்னொன்று, மந்திரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். நீண்ட ஓய்வு எடுத்தால் அது திரும்ப நிரம்பும், நடுத்தரக் கடினத்தில் அப்படி ஒரு ஓய்வுக்கு 40 முகாம் உணவுப் புள்ளிதான். வழியில் பார்க்கும் சாப்பாட்டை எல்லாம் எடுத்து முகாமுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

சண்டை அமைப்பே இல்லாத சிஆர்பிஜியும் உண்டு. 2019-இன் டிஸ்கோ எலிசியத்தில் 24 திறன்கள், இரண்டு ஆறுமுகப் பகடை. பகடை உருட்டும் சோதனைகள் வெள்ளை, சிவப்பு என இரண்டு வகை. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை உயர்த்திக்கொண்டு திரும்ப வரலாம். சிவப்புக்கு ஒரே வாய்ப்பு, ஆனால் தோற்றாலும் கதை நின்றுவிடாது. ஒவ்வொரு தோல்விக்கும் சேவ் கோப்பைத் திரும்ப ஏற்றினால் அந்த கேமின் நல்ல பகுதிகளில் பாதியை இழப்பீர்கள்.

ஜேஆர்பிஜி என்பது ஜப்பானில் 1986-இல் டிராகன் குவெஸ்ட் போட்ட பாதை. அதை வடிவமைத்த யூஜி ஹோரி அமெரிக்காவின் விசார்ட்ரியிலிருந்து சண்டையையும் அல்டிமாவிலிருந்து வரைபடப் பயணத்தையும் எடுத்து, சிறுவர்களும் ஆடும்படி எளிமையாக்கினார். இதில் அடி பெரும்பாலும் விழுந்துவிடும். எந்த அடி, எந்த முறையில் என்பதுதான் ஆட்டம். ஷின் மெகாமி டென்செய் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் ஒரு முறையில் (டர்ன்) பாதிதான் செலவு. செல்லாத மந்திரத்தை வீசினால் இரண்டு டர்ன் போய்விடும், எதிரி அதைத் திருப்பி அடித்தால் மிச்சம் அத்தனையும் காலி. இந்த கேமில் பாஸிடம் (பெரிய எதிரியிடம்) தோற்றதும் லெவல் ஏற்றப் போவது நேர விரயம். எந்த மந்திரம் செல்லவில்லை என்று குறித்துக்கொண்டு குழுவை மாற்றுங்கள்.

சாம்பல்வீதி:

ஆக்‌ஷன் ஆர்பிஜியை நான் இரண்டாகப் பிரிப்பேன். எல்டன் ரிங் போன்ற சோல்ஸ்லைக்கில் விரல் தீர்மானிக்கிறது, டயாப்லோ வழியில் வந்தவற்றில் சாமான்.

எல்டன் ரிங் முதலில். நீங்கள் அணிந்திருப்பதன் மொத்த எடை உங்கள் தாங்குதிறனில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உருளுதல் (அடியிலிருந்து விலக உருள்வது) கனமாகிவிடும். 69.9 வரை நடுத்தரம், 30-க்குக் கீழே இலகு. கனமான உருளுதலில் தூரமும் குறைவு, எழுவதும் தாமதம். அதனால் கவசம் குறைத்துத் தந்த அடியைவிட அதிகமாக நீங்கள் வாங்குகிறீர்கள். உபகரணத் திரையில் எடைக்குக் கீழே எந்த நிலை என்று எழுதியிருக்கும், கவசம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பெரும்பாலும் மார்புக் கவசம்தான் அதிக எடை. அதை மட்டும் இலகுவாக மாற்றினாலே கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். இல்லையென்றால் தாங்குதிறனைக் கூட்டும் என்டூரன்ஸ் புள்ளியை ஏற்றுங்கள்.

புள்ளிகளைத் தாக்குதலில் மட்டும் கொட்டுவது அடுத்த தவறு. உயிரைக் கூட்டும் விகர் புள்ளி 40-இல் உயிர் 1450, 60-இல் 1900, 99-இல் 2100. 60-க்கு மேல் 39 லெவல் செலவழித்துக் கிடைப்பது வெறும் 200. ஆகவே 40 வரை தயங்காமல் ஏற்றி, நேரம் வரும்போது 60-இல் நிறுத்துங்கள். தொடக்கத்தில் தாக்குதல் பலம் வருவது பட்டறைக் கல்லால் ஆயுதத்தைத் தீட்டுவதில்.

டயாப்லோ வகையில் பாத் ஆஃப் எக்ஸைல் முதல் பாகத்தைச் சொல்கிறேன், பலரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். நெருப்பு, பனி, மின்னல் தடுப்பின் உச்சவரம்பு 75 சதவீதம். கதையின் ஐந்தாம் அங்கத்தின் முடிவில் 30 கழியும், பத்தாம் அங்கத்தின் முடிவில் இன்னொரு 30. அதாவது கதை முடிந்தபின் 75-இல் நிற்க, மொத்தம் 135 சேர்த்திருக்க வேண்டும். 60-க்கு இறங்கினால் பதினைந்துதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75-இல் நூறுக்கு 25 வாங்குவீர்கள், 60-இல் 40. அடி ஒன்றரை மடங்குக்கும் மேல். நேற்று வரை நன்றாக இருந்த பாத்திரம் இன்று ஒரே அடியில் விழுகிறது என்ற புலம்பலைக் கேட்டால் முதலில் தடுப்பைப் பாருங்கள்.

நள்ளிரவுக்காவல்:

பகடையாடி சொன்ன கேள்வியோடு இன்னொன்றையும் சேருங்கள்: தோற்றால் என்ன போகும்? ரோக்லைக்குக்கும் ரோக்லைட்டுக்கும் வேறுபாடு அதில்தான். 1980-இன் ரோக், 1987-இன் நெட்ஹேக் இரண்டிலும் இறந்தால் எல்லாம் போச்சு, வரைபடமும் ஒவ்வொரு முறையும் புதிது. ஹேடீஸ் போன்ற ரோக்லைட்டில் சேர்த்த ‘இருள்’ என்ற பொருள் உங்களோடு திரும்ப வரும், அதைக் கொண்டு நிரந்தரமாக வலுவாகலாம்.

கைபேசியில், பாத்திரங்களைக் குலுக்கல்போல் இழுத்துப் பெறும் கச்சா ஆர்பிஜி ஆடுபவராக இருந்தால் அங்கே போவது பணம். கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90-ஆவது இழுப்பில் கட்டாயம் ஒன்று வரும். ஆனால் அது நீங்கள் கேட்ட பாத்திரமாக இல்லாமல் போகலாம், அப்போது அடுத்த 90. ஆக மோசமான நிலையில் 180 இழுப்பு, இழுப்புக்கு 160 வீதம் 28,800 பிரைமோஜெம் (அந்த கேமின் நாணயம்). அவ்வளவு கையில் சேராமல் ஒரு பாத்திரத்தைக் குறிவைத்து இழுக்காதீர்கள்.

கார்முகில்:

மார்புக் கவசத்தை மாற்றியதும் நடுத்தரத்துக்கு வந்துவிட்டது, நன்றி. ஃபயர் எம்ப்ளம் மாதிரி கட்டம் போட்ட கேம்களும் பகடை வகைதானா? அவற்றில் 90 என்று காட்டினால் ஏறக்குறைய தவறுவதே இல்லையே?

பகடையாடி:

டாக்டிக்கல் ஆர்பிஜி என்பார்கள். பகடைதான், ஆனால் நீங்கள் கவனித்தது சரி. 2002-இன் பைண்டிங் பிளேடு முதல் பல பாகங்களில், 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து கேம் சராசரி பார்க்கிறது, அது திரையில் உள்ள எண்ணைவிடச் சிறிதானால் அடி விழும். அதனால் திரையில் 90 என்றால் உண்மையில் 98.1, 10 என்றால் 2.1. நம் உள்ளுணர்வு 90-ஐ நிச்சயம் என்றே எடுத்துக்கொள்கிறது, கேமும் அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறது. பால்டர்ஸ் கேட் 3-இல், தோல்வித் தொடரைத் தவிர்க்கும் கார்மிக் டைஸ் அமைப்பை அணைத்துவிட்டால், 55 காட்டினால் 55தான்.

இதில் கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் உங்களோடு வரும் பலசாலி மூத்த வீரன். எல்லா எதிரியையும் அவனைக் கொண்டே முடித்தால் அனுபவப் புள்ளி வீணாகும், லெவல் உயர உயர ஒரு எதிரிக்குக் கிடைப்பது குறையும். அவனை முன்னால் நிறுத்தி அடி வாங்க வையுங்கள், கடைசி அடியை இளையவர்களுக்கு விடுங்கள். கிளாசிக் முறையில் இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பதால் இளையவரை ஒரு எதிரிக்கு மேல் எட்டாத கட்டத்தில் நிறுத்துவது முக்கியம்.

நள்ளிரவுக்காவல்:

லேப்டாப்புக்கு: முதல் பால்டர்ஸ் கேட்டின் என்ஹான்ஸ்டு எடிஷன், ஃபைனல் ஃபேன்டசியின் பிக்சல் ரீமாஸ்டர் தொகுப்பு இரண்டும் சிரமமில்லாமல் ஓடும். ஹேடீஸைத் தெளிவுத்திறன் 720-க்கு இறக்கி ஆடுங்கள். ஒரு மணி நேரம்தான் என்றால் என் முதல் தேர்வு ஹேடீஸ். ஒரு ஓட்டம் அரை மணிக்கு முன்பின் முடியும், நடுவில் மூடினாலும் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். பால்டர்ஸ் கேட் 3-ஐ அந்த லேப்டாப்பில் போட முயலவேண்டாம், 150 ஜிபி இடம் கேட்கும், கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் ஆகாது.